சசிதர் பாராட்டிய ஆட்டங்கள்

காந்திபுரத்துச் சந்து ஒன்றில் ஜபருல்லா பாயின் கடை. டிவி கேம் கேசட்டுகளை விற்பார், வாடகைக்கும் விடுவார். பம்ப் கம்பெனி குமாஸ்தா சசிதர் சனிக்கிழமை தவறாமல் ஒன்றை எடுத்துப்போய், ஞாயிறு முழுக்க ஆடி, திங்களன்று திருப்பித் தருவான். பெரிய ஆட்டக்காரனெல்லாம் இல்லை; ஆனால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டில் மனைவி சாய்ப்ரியாவிடம், "மாட்டு வண்டி இதைவிட வேகமாப் போகும்" என்று கார் ஆட்டத்தைக் கிழிப்பான். கராத்தே ஆட்டத்தில் அடிக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் ஒரே மூஞ்சி என்று தலையில் அடித்துக்கொள்வான்.

கடையில் பாய், "எப்படிங்க இருந்துது?" என்று கேட்டால் மட்டும் அந்த வாய் வேறு வாயாகிவிடும். "நல்லா இருந்துதுங்க பாய்." பொருளைக் கொடுத்த மனிதரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்கிற பழக்கம் அந்த ஊருக்கே கிடையாது. விருந்தில் உப்பில்லாத சாம்பாரையும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குகிற ஜனங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்குள் நுழைந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரி முழுக்க ஒரே கேசட். மீன் பிடிக்கும் ஆட்டம்! தூண்டிலைப் போட்டுவிட்டுக் கண் பூக்கக் காத்திருந்தால் ஒரு பழைய செருப்பு வரும். அவன் ஆடியதிலேயே படு மட்டம் அதுதான்.

"நீங்க சொன்னதை நம்பித்தானுங்க தீபாவளிக்கு இதையே மொத்தமா எடுத்துப்போட்டேன்," என்று சிரித்தார் பாய். "இது ஓடலீன்னா கடையை மூட வேண்டியதுதானுங்க."

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் மகளோடு வந்து மீன் கேசட்டைக் கையில் எடுத்தார்.

"நல்லா இருக்குமுங்களா?"

"சாரையே கேளுங்க அம்மணி. ஆடிப் பாத்தவரு."

அந்தச் சின்னப் பெண் பண்டிகை நாளெல்லாம் செருப்புக்காகக் காத்திருப்பதைச் சசிதர் நினைத்துப் பார்த்தான்.

"வேண்டாமுங்க. படு மோசமுங்க."

சொன்னது தான்தானா என்று அவனுக்கே அதிர்ச்சி. அம்மாள் கேசட்டை வைத்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானும் ஆடிப் பாத்தேனுங்க. எனக்கும் மோசமாத்தான் பட்டுது. நீங்க நல்லா இருக்குதுன்னீங்களே, எனக்குத்தான் ஆடத் தெரியலையாக்கும்னு நெனச்சுப்போட்டேன்."

"மன்னிச்சுக்கங்க பாய். உங்க மனசு நோகக் கூடாதுன்னு..."

"அப்பக் கார் ஆட்டம்?"

"அதுவுமுங்க."

"கராத்தே?"

சசிதர் தலையைக் குனிந்துகொண்டான்.

"நெசமாலுமே நல்லா இருந்த ஆட்டம் ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?"

சசிதருக்கு உயிர் வந்தது. கடையைக் காப்பாற்ற ஒரு வழி!

"இருக்குதுங்க பாய்! அந்தக் குகை ஆட்டம். சோறு தண்ணி மறந்து ஆடினேனுங்க. பிரமாதம்னு அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேனே! அதை எடுத்து முன்னால வைங்க."

பாய் அவன் முகத்தையே பார்த்தார்.

"நீங்க அத்தனை தூரம் புகழ்ந்து அதுக்கு முன்னால நான் கேட்டதே இல்லீங்க. சரி, என் மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்றாராக்கும்னு, இருந்த குகை கேசட்டையெல்லாம் கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துப்போட்டு இந்த மீனை எடுத்தேனுங்க."