மஞ்சள் மூடி, வெள்ளை மூடி

1

2025 மார்ச் 11, செவ்வாய், கரியாலூர். அடுப்பிலிருந்து இறக்கும்போது சாமைக் கஞ்சிப் பானை சரிந்து, ஒரே வீட்டின் இரண்டு மருமகள்களுக்கும் கால் வெந்தது.

இதை எனக்குச் சொன்னவர் கோகிலவாணி. கள்ளக்குறிச்சிக்காரர், தீப்புண் ஆறுவதைப் பற்றி ஆய்வு செய்கிறவர். பெயரை மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றிவிட்டேன். கஞ்சியை மாற்றவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: மலைமேல் மேகம் இறங்கிய அந்தக் காலையில் கோகிலவாணி தன்—

[மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

வேலை இருப்பது தோல் செல்களுக்கு. ஆய்வகத் தட்டில் அவற்றைப் படலமாக வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறுவார் கோகிலவாணி. அதுதான் காயம். இரு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து அதை மூட வேண்டும். வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைச் சேர்த்தால் சீக்கிரம் மூடும். வைட்டமின் சேர்த்தாலும் ஓரளவு சீக்கிரம். இரண்டையும் கலந்தால் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம்.

கலவையை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு மறுத்தது. முதலில் தனித்தனியாகப் பாருங்கள். ஏப்ரல் முடிவதற்குள் இருபது பேர் சேராவிட்டால் ஆய்வை மூடிவிடுவோம். மூன்று வருட வேலை. பதினெட்டுப் பேர்தான் கிடைத்திருந்தார்கள்.

அப்போதுதான் ஒரே கஞ்சியில், ஒரே அளவுக்கு வெந்த இரண்டு கால்கள்.*

மூத்தவர் வெள்ளச்சிக்கு மஞ்சள் மூடி டியூப்: வளர்ச்சிக் காரணி. இளையவர் பச்சையம்மாளுக்கு வெள்ளை மூடி: வைட்டமின்.

* சந்தோஷப்பட்டாராம். பிறகு வெட்கப்பட்டாராம். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

3

ஏப்ரல் 1. கோகிலவாணி பிளாஸ்டிக் தாளை வைத்துப் புண்ணின் ஓரத்தை வரைந்து அளந்தார். இரண்டும் ஏறக்குறைய மூடியிருந்தன. பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் இவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை.

"எப்படிக்கா போட்டீங்க?"

"ரெண்டையும் தட்டுல பிதுக்கி, கலக்கி, ஆளுக்குப் பாதி," என்றார் வெள்ளச்சி.

"ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னேனேக்கா."

"நீ சொன்னம்மா. ஒரே வூட்ல இவளுக்கு ஒண்ணு, எனக்கு வேறன்னு குடுத்தா வம்பா பூடும். பொடவையே ரெண்டு பேருக்கும் ஒரே கலர்லதான் எடுக்கறாங்க."

"அக்காவுக்கு நீ நல்ல மருந்தக் குடுத்துட்டன்னு நெனச்சிக்கினு நானு ரெண்டு நாளு பேசவே இல்ல," என்றார் பச்சையம்மாள்.

"ரெண்டு நாளு நிம்மதியா இருந்தேன்," என்றார் வெள்ளச்சி. "இப்ப இன்னாம்மா? ஆறிப்போச்சி இல்ல?"

"ஆறிடுச்சிக்கா. அதான் பிரச்சினை."

4

முடிவுக்கு மூன்று வரைவுகள் உள்ளன.

முதலாவதில் கோகிலவாணி வாயைத் திறக்காமல் இருபது என்று எழுதுகிறார். ஆய்வு பிழைக்கிறது. மஞ்சள் மூடி தனியாகவே இவ்வளவு செய்யும் என்று இன்னொருவர் எங்கோ நம்புகிறார்.

இரண்டாவதில் குழு அவரைப் பாராட்டிக் கலவைக்கு அனுமதி தருகிறது. [நான் குழுக்களில் இருந்திருக்கிறேன். நீக்கம்.]

மூன்றாவதில் அவர் பஸ் வரும்வரை படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, முதலாவது வரைவைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார், பிறகு—

பிறகு ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஒரு பத்தி எழுதியிருந்தேன். பொய்யாக இருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், உங்களுக்கு.

படிவத்தில் இருப்பது இது: "இருவரும் மருந்துகளைக் கலந்து பயன்படுத்தினர். கணக்கில் சேர்க்கக் கூடாது."

ஏப்ரல் 30 அன்று, பதினெட்டுப் பேருடன் ஆய்வு மூடப்பட்டது.