சகலை கேட்ட விசாரணை

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் ஒரு கட்டுக்குள்ள இருக்கா?

எனக்கு ரெண்டு மாப்பிள்ளைங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சி, பார்லிமெண்ட் மெம்பருங்க. வீட்டு வசதி மந்திரியா முதல்ல இருந்தது பெரியவர். போன வருஷம் அதைப் பிடுங்கி சின்னவருக்குக் குடுத்துட்டாங்க. அன்னையிலிருந்து பெரியவருக்கு வயித்துல நெருப்புதான். சகலை கார்ல கொடி பறந்தா இவருக்குத் தலை சுத்தும்.

மந்திரியா இருந்தப்ப எனக்கு ஒரு அரசாங்க வீடு ஒதுக்கிக் குடுத்தவரும் பெரியவர்தான். பாசம்னு நினைக்காதீங்க, அப்பவே சகலைங்களுக்குள்ள போட்டிதான். மாமியார் போய் சின்னவர் வீட்ல உக்காந்துடக் கூடாதுல்ல.

இப்ப சின்னவர் வேண்டியவங்களுக்கே வீடு ஒதுக்குறார்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. பெரியவர் விடுவாரா? பொது விசாரணை வேணும்னு சபையில தீர்மானம் கொண்டாந்துட்டார். நான் மேல பார்வையாளர் வரிசையில, ரெண்டு பொண்ணுங்களுக்கும் நடுவுல.

எதிர்க்கட்சி அம்மா ஒருத்தங்க எழுந்தாங்க. "விசாரணை வைங்க. ஆனா இந்த மந்திரி வந்த நாள்லேர்ந்துன்னு போட்டிருக்கே, அதுக்கு முன்னாடி யாருக்கும் வீடே குடுக்கலையா? இல்ல, நாற்காலி போன வயித்தெரிச்சலா?"

சபையே சிரிச்சுது. பெரியவருக்கு ரோஷம் வந்துடுச்சு.

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? அஞ்சு வருஷம் பின்னாடி போங்க. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்."

சபாநாயகர் கேட்டார், "இதைத் திருத்தமா எடுத்துக்கலாமா?"

"தாராளமா."

சின்னவர் நிதானமா எழுந்தார். "சகலை... மன்னிக்கணும், மாண்புமிகு உறுப்பினர் சொன்ன திருத்தத்தை அரசு முழு மனசா ஏத்துக்குது."

குரல் வாக்கெடுப்புல ஒரே ஆமாதான். தீர்மானம் நிறைவேறிடுச்சு.

சின்னவ என்னைத் தாண்டிக் குனிஞ்சா. "ஏன்க்கா, அஞ்சு வருஷம்னா அத்தான் காலமும் சேர்த்திதானே?"

"வாய மூடுடி. முதல்ல உன் புருஷனைப் பாரு."

கீழ பெரியவர் விரல் விட்டு எண்ணிட்டிருந்தார். எண்ணி முடிச்சவர் நிமிந்து நேரா என்னைத்தான் பாத்தார்.

விசாரணைக் கமிஷன் முதல்ல கூப்பிட்டது என்னைத்தான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பெட்டி கட்டி வச்சாச்சு. "அத்தை, நம்ம வீட்டுக்கே வந்துடுங்க"ன்னு சின்னவர் கார் அனுப்பியிருக்கார். கொடியோடதான். பெரியவர் வாசல்ல நின்னு அந்தக் கொடியையே முறைச்சுட்டிருக்கார்.

உங்க வீட்லயும் சகலைங்க இப்படித்தானா? நான் எந்தப் பக்கம் போகட்டும்? உங்க கதையையும் சேர்த்து எழுதிப் போடுங்க, கார் நின்னுட்டிருக்கு.