அங்குலத்துக்கு முப்பத்திரண்டு புள்ளி

1

இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியைக் கேட்டு வாங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவனாண்டியின் கடையில் என் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி புரொஜெக்டர் வாங்க வந்தார். அவர் வாங்கிய விதத்தைப் பார்த்தபின் என் மடிக்கணினியைப் பற்றிய கவலை போய்விட்டது. ராஜபாளையம் திரும்பும் பேருந்தில் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் பேச்சுக் கொடுத்தேன். அதன்பிறகு இரண்டு முறை அவர் வீட்டுக்கும் போனேன்.

எழுத உட்கார்ந்தபோது வந்த தொடக்கங்கள் இவை:

“கிருபாபாயின் கணவர் இருளில் மூழ்கி இரண்டு வருடங்கள்…” (வேண்டாம். அவர் எதிலும் மூழ்கவில்லை. தினமும் தானே சவரம் செய்துகொள்கிறார்.)

“பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல புரொஜெக்டர் வாங்குவது எப்படி என்று பலரும்…” (இது கட்டுரை. இதைப் படிக்க ஆள் உண்டு, ஆனால் என்னிடம் வரமாட்டார்கள்.)

“அந்தப் பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார்.”

இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு சோற்றுத்தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

கிருபாபாய் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் ஒன்றில் துணி பார்ப்பவர். தறியிலிருந்து வரும் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணுவது அவர் வேலை. குறைந்தால் துணி திரும்பிப் போகும். இருபத்தாறு வருடமாக எண்ணுகிறார். அதே யூனிட்டில் வேன் ஓட்டியவர் அவர் கணவர் ராஜரத்தினம். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. மதுரை டாக்டர் ஊசி போட்டு, மேற்கொண்டு கெடாமல் நிறுத்திவைத்தார். ஓரப் பார்வை இருக்கிறது. நடக்கலாம், கடைக்குப் போகலாம். ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் அது இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. எதிரே வருகிறவருக்குச் சட்டை இருக்கும், கை கால் இருக்கும், முகம் இருக்காது.

வாலிபால் என்றால் அவருக்கு உயிர். ஒரு காலத்தில் மில் அணிக்கு ஆடியவர். டிவியில் ஆட்டம் வந்தால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் திரைக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்துகொள்வார். அவ்வளவு கிட்டத்தில்தான் கொஞ்சமாவது பிடிபடும். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிருபாபாய்க்கு டிவி தெரியாது, அவர் முதுகுதான் தெரியும்.

“ரெண்டு வருசமா முதுகத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் சார்” என்றார் பேருந்தில். புகார் சொல்லும் குரல் இல்லை. அளவு சொல்லும் குரல்.

ஓசூரில் வேலைபார்க்கும் மகள் எலினா பெரிய டிவி வாங்கச் சொன்னாள். எவ்வளவு பெரியது என்று கிருபாபாய் கேட்டார். அது எலினாவுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய் கணவரைச் சுவரிலிருந்து எட்டடி தள்ளி, பெஞ்சில் உட்காரவைத்தார். சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார்.

“அதையே பாருங்க. கண்ண அசைக்காதீங்க.”

“அது இருந்தாத்தானட்டி பாக்க?”

“இருக்கிற இடத்தப் பாருங்க.”

ஒரு சாக்குக்கட்டியைப் பொட்டிலிருந்து மெல்ல வெளியே நகர்த்தினார். ராஜரத்தினம் “வந்துருச்சு” என்ற இடத்தில் ஒரு கோடு. இன்னொரு பக்கம். “வந்துருச்சு.” அங்கே ஒரு கோடு. மேலே, கீழே, குறுக்கே. அரைமணி நேரத்தில் கோடுகளைச் சேர்த்தபோது சுவரில் கோணல்மாணலாக ஒரு வட்டம் இருந்தது. கிருபாபாய் அடுப்படியிலிருந்து சோற்றுத்தட்டை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். கச்சிதமாக மூடியது.

இரண்டு வருடமாகக் கணவர் கண்ணுக்குள் இருந்த ஒன்றை அவர் முதன்முதலாகப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு அளவுநாடாவை எடுத்தார். டிவியில் கிட்டத்தில் காட்டும் முகம் ஒரு சாண். தட்டு அதை விழுங்கிவிடுகிறது. எட்டடி தூரத்தில் முகம் தெரிய வேண்டுமானால் அது தட்டைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அப்படியானால் படம் ஏழடி அகலம். அந்த அளவில் டிவி வாங்க வீட்டை விற்க வேண்டும். ஆகவே புரொஜெக்டர்.

(டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால்: கணக்கு சரிதான் என்று நம்புகிறேன். தவறென்றால் என்னிடம் சொல்லுங்கள், அவரிடம் வேண்டாம்.)

3

ராஜபாளையத்தில் கேட்ட இரண்டு கடையிலும் பெட்டியைப் பிரித்துக் காட்ட மறுத்துவிட்டார்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்க்காமல் வாங்க வேண்டும். சிவனாண்டி கல்யாண வீடுகளுக்குப் புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறவர், கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்களுக்கு விற்கிறவர். போட்டுக் காட்டுவார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர்.

“அக்கா, இது ஃபோர்கே. பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க. நீங்க சொன்ன பட்ஜெட்டுக்கும் ரெண்டாயிரம் கம்மி.”

சுவரில் படம் விழுந்தது. பளபளவென்று ஒரு கிளி. நான்கூட நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். கிருபாபாய் ஒரு டேப் கேட்டு வாங்கி, படத்தின் அகலத்தை அளந்தார். அறுபது அங்குலம். கிளியின் வயிற்றில் ஓர் அங்குலத்துக்குப் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். அப்போதுதான் அந்த லென்ஸ் வெளியே வந்தது. வெளிச்சத்தை மறைக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நின்று, உதடு அசைய எண்ணினார்.

“இருபத்தொண்ணு.”

“என்னக்கா இருபத்தொண்ணு?”

“அங்குலத்துக்கு இருபத்தோரு புள்ளி. அறுபதால பெருக்கிப் பாருங்க தம்பி.”

சிவனாண்டி போனில் பெருக்கினார். ஆயிரத்து இருநூற்று அறுபது.

“ஃபோர்கேன்னா அகலத்துல நாலாயிரம் கிட்ட இருக்கணும்னு எம் மக எழுதி அனுப்பியிருக்கா. மீதி எங்க?”

“இல்லக்கா, இது ஃபோர்கே சப்போர்ட் பண்ணும்…”

“பண்ணட்டும். நாலாயிரத்த வாங்கிக்கிடும். காட்டுறது இம்புட்டுதான். இப்படி இழை கொறஞ்ச துணிய எங்க யூனிட்ல நான் வாசல் தாண்ட விடமாட்டேன்.”

சிவனாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைக் கெட்டவராக எழுதினால் கதைக்கு வசதி. ஆனால் அவர் செய்தது என்னவென்றால், அந்த லென்ஸைக் கேட்டு வாங்கி, தானும் சுவரோரம் குனிந்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். “நூறு பீஸ் வித்திருப்பேன்க்கா. ஒருத்தரும் எண்ணிப் பாக்கல. நானும் எண்ணல” என்றார். உள்ளே போய், பெரிய எழுத்து எதுவும் இல்லாத பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

கிருபாபாய் இடப்பக்கம் ஓரிடம், நடுவில் ஓரிடம், வலப்பக்கம் ஓரிடம் என்று எண்ணினார். துணியை அப்படித்தான் பார்ப்பார்களாம். மூன்று இடத்திலும் முப்பத்திரண்டு.

சிவனாண்டி பெருக்கிவிட்டுச் சிரித்தார். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. ஃபுல் எச்டி. சொன்னது சொன்னபடி இருக்குக்கா.”

“இப்ப டியூப்லைட்டப் போடுங்க.”

“லைட்டு போட்டா படம் வெளுத்துரும்க்கா.”

“எம்புட்டு வெளுக்குதுன்னுதான் பாக்கணும். பெட்டியில போட்டிருக்கிற வெளிச்ச நம்பர நான் நம்பமாட்டேன்.”

முதல் கருவியில் விளக்கைப் போட்டதும் கிளி காணாமல் போனது. இரண்டாவதில் கிளி வெளுத்தது, ஆனால் கீழே ஓடிய எழுத்தை வாசிக்க முடிந்தது. வாங்கினார்.

4

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நடுப் பார்வையே இல்லாத மனிதருக்கு இருபத்தொரு புள்ளி என்ன, முப்பத்திரண்டு புள்ளி என்ன? அவருக்குத் தேவை அளவும் வெளிச்சமும்தானே?

பேருந்திலேயே இதைக் கேட்டிருந்தேன். கொஞ்சம் நாசூக்காகத்தான் கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நானும்தான சார் பாக்கேன்?”

அதோடு என் மனதிலிருந்த முதல் வரைவு செத்தது. கணவனுக்காகத் தன்னையே தேய்த்துக்கொள்ளும் மனைவி ஒருத்தியை அதில் தயாராக வைத்திருந்தேன். அந்த மனைவி யாரென்று எனக்குத் தெரியவில்லை. இவர் நல்ல படம் பார்க்க ஆசைப்பட்ட ஒருவர். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டவர். இரண்டும் ஒரே விலைக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

5

இவரை நான் ரொம்பத்தான் மெச்சுகிறேனோ? குறையே இல்லாத ஆளை வாசகர் நம்பமாட்டார். ஆகவே அவர் சறுக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுச் சுவர் வெளிர்ப்பச்சை. அதில் படம் போட்டால் எல்லோரும் காமாலை வந்தவர்கள்போல் இருந்தார்கள். துணி தனக்குத் தெரிந்த விஷயம் என்ற தெம்பில், கிருபாபாய் யூனிட்டிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கிவந்து நாலாக மடித்துக் கட்டினார். படம் துணியில் பாதி நின்றது. மீதி ஓட்டை வழியாகப் போய்ச் சுவரில் விழுந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூக்கு.

ராஜரத்தினத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “எனக்குத்தான் நடுவுல தெரியலன்னு நெனச்சேன். உன் துணிக்கும் தெரியலயேட்டி!”

இரண்டு நாள் கிருபாபாய் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஒரு டின் வெள்ளைப் பெயிண்டோடு வந்தார். பளபளப்பில்லாத பெயிண்ட். பளபளப்பு இருந்தால் விளக்கின் வெளிச்சம் நடுவில் திரண்டு கண்ணைக் கூசவைக்கும் என்று எலினா படித்துச் சொல்லியிருந்தாள். ஏழடிக்கு நாலடி அளந்து இரண்டு பூச்சு அடித்தார். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு. கறுப்புக்கு நடுவே வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பகலிலும் பார்க்க வேண்டும் என்பதால் சன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணியில் இரட்டைத் திரை தைத்தார்.

கருவியை வைக்கும் பலகையை அடித்தது ராஜரத்தினம். கோணலாக வைத்துவிட்டு, அதிலுள்ள பொத்தானால் படத்தைச் சதுரமாக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தால் கொஞ்சம் புள்ளி வீணாகும். எண்ணி வாங்கிய புள்ளியை வீணாக்கக் கிருபாபாய்க்கு மனசில்லை. கருவியின் லென்ஸ் சுவரின் நடுவுக்கு நேரே நிற்க வேண்டும், ஒரு நூல்கூடச் சாயக்கூடாது.

“நேரா இருக்கான்னு ஓரக்கண்ணாலயே சொல்லிருவேன்” என்றாராம் ராஜரத்தினம். “இப்ப நமக்கு எல்லாமே ஓரக்கண்ணுதான.”

ஆணிகளை விரலால் தடவி அடித்தார். பலகை சாயவில்லை. நான் போனபோது பார்த்தேன், இன்றும் சாயவில்லை.

6

கடைசியாகப் படத்தைச் சீர்செய்தார்கள். கடையிலிருந்து வந்தபோது இருந்த பகட்டான நிறத்தைக் கிருபாபாய் குறைத்தார். அதில் மனிதர்கள் எல்லாம் தக்காளியாக இருந்தார்கள். கருமையும் வெண்மையும் நன்றாகப் பிரியும்வரை கூட்டினார். ஒவ்வொரு முறையும் “இப்ப?” என்பார். ராஜரத்தினம் “செத்த ஏத்து”, “போதும்”, “இல்ல, பழையபடி வை” என்பார். ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. இரண்டு வருடத்தில் அவ்வளவு நேரம் அவர்கள் ஒன்றையே சேர்ந்து பார்த்ததில்லை என்று கிருபாபாய் சொன்னார். படம் என்னவென்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார்.

அடுத்த ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்து, மூன்று மணிக்குச் சன்னல் திரையை இழுத்துவிட்டு வாலிபால் போட்டார்கள். பெண்கள் ஆட்டம். ராஜரத்தினம் பழக்கத்தில் ஸ்டூலைத் தேடினார். அதை ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார், கிருபாபாய்க்குப் பக்கத்தில்.

இரண்டாம் செட்டில் ஒரு பெண் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே சர்வீஸ் போடத் தயாரானாள். கேமரா கிட்டே போனது. சுவர் முழுக்க அவள் முகம்.

“அந்தப் புள்ள” என்றார் ராஜரத்தினம். நிறுத்தினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். “ஒதட்டக் கடிக்கிதா?”

கிருபாபாய் பார்த்தார். கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ஆமா.”

“வெளிய அடிக்கப்போறா. பயந்துட்டா.”

பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

(இங்கே முடித்திருக்கலாம். முதலில் இங்கேதான் முடித்தேன். நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஞாயிறு இங்கே முடியவில்லை.)

7

ஆட்டம் முடிந்ததும் எலினா வீடியோ அழைப்பில் வந்தாள். போனில் தெரிவதைச் சுவரில் விழச்செய்ய முந்தின வாரமே சொல்லிக்கொடுத்திருந்தாள். எலினாவின் முகம் சுவருக்கு வந்தது. சிக்னல் மோசம். கன்னத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது. “இது அங்குலத்துக்கு அஞ்சுகூடத் தேறாது” என்று கிருபாபாய் முணுமுணுத்தார். ஆனாலும் ராஜரத்தினம் கண்டுபிடித்துவிட்டார்.

“கண்ணாடி போட்டிருக்க!”

“போன வருசமே போட்டுட்டேன்பா. நீங்கதான்…” எலினா நிறுத்திக்கொண்டாள்.

எலினாவை இன்னும் தெளிவாக்கலாம் என்று கிருபாபாய் போனில் எதையோ அழுத்தினார். மூலையில் சின்னதாக இருந்த பெட்டியின்மேல் விரல் பட்டுவிட்டது. எலினா சுருங்கி மூலைக்குப் போனாள். சுவர் முழுக்க வந்தது கிருபாபாயின் சொந்த முகம்.

மதியத் தூக்கம் கலையாத முகம். நரைத்து, நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடி. இந்த இரண்டு வருடத்தில் கண்ணுக்குக் கீழே புதிதாக விழுந்திருந்த கருவளையம். வீட்டு வெளிச்சம் கம்மி, ஆனால் சிக்னல் பிரச்சினை இல்லாததால் ஒரு புள்ளிகூட உடையவில்லை. பதறிப்போய் மாற்றப்பார்த்தார். எங்கே அழுத்துவதென்று தெரியவில்லை. சுவரிலும் அந்தப் பதற்றம் நாலடி உயரத்துக்குத் தெரிந்தது.

“கிருபா” என்றார் ராஜரத்தினம். “அப்படியே இரு.”

இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூலையிலிருந்து எலினா, “என்னம்மா, பேச்சையே காணோம்?” என்றாள். ராஜரத்தினம் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று சொன்னார்.

என்ன சொன்னார் என்று நான் கிருபாபாயைக் கேட்டேன். “அது எதுக்கு சார் உங்களுக்கு?” என்றார். இரண்டாவது முறை போனபோதும் கேட்டேன். காப்பி கொண்டுவருவதாக எழுந்து போனார். ராஜரத்தினத்தைக் கேட்டால், “அவகிட்டயே கேளுங்க” என்று சிரிக்கிறார். எலினாவின் காதிலும் அது விழுந்திருக்கும். அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் கேலி செய்தார். ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். ஒன்றில் பெயரை மட்டும் திரும்பச் சொன்னார். மூன்றையும் அடித்துவிட்டேன். இருபத்தாறு வருடமாகக் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற ஒருவர் இந்தக் கதையைப் படிக்கப்போகிறார். எண்ணாத ஒன்றை எண்ணியதுபோல் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

ராஜரத்தினம் சொன்னார்: “                    ”

அதைக் கேட்டபின் கிருபாபாய் போனை நகர்த்தவில்லை. இதை மட்டும் அவரே சொன்னார்.