நான்கு கைக்காரரும் புதிய முதல் பாகமும்

விண்கலப் படத்தின் நான்காம் பாகம் வெளியான அன்று, மதியக் காட்சி முடிந்து திரையிலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்த நான்கு கைக்காரர் திரும்பிப் படத்துக்குள் போகவில்லை. படத்தில் அவருக்கு வசனம்கூடக் கிடையாது. விண்கலத்தின் பின்பக்கம் மூட்டை தூக்குவார். வந்தவர் இஸ்திரிக் கடை போட்டார், ஒரே நேரத்தில் இரண்டு சட்டை தேய்த்தார், தொடர்ச்சியக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார். எந்தப் பாகத்தில் யாருக்கு எந்தக் கண்ணில் அடி என்று நினைவு வைத்திருப்பதுதான் படக் கம்பெனியில் அக்காவுக்கு வேலை. பதினாறு வருஷம் ஓடிப்போனது. அக்காவுக்கு ஒரே குறைதான். "நாலு கை இருந்து என்ன? என் கையைப் பிடிக்க ஒண்ணு ஒழியலையே!"

பதினோரு பாகம் ஆனதும் கம்பெனிக்குப் பயம் வந்தது. புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பழையது எதுவும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து எடுப்போம், எல்லோரும் பார்க்கட்டும் என்றார் தயாரிப்பாளர். கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்த பாகங்களை நாளுக்கு ஒன்றாக அழித்தார்கள். முதல் பாகம் அழிந்ததும், அதிலிருந்து ஊருக்கு வந்திருந்த இரண்டாவது நிலா போய்விட்டது; ஒரு நிலாவே தாராளம் என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். இரண்டாவது அழிந்ததும் பேருந்து நிலையத்துப் பூனைகள் பேச்சை நிறுத்தின. அதில் பலருக்கு நிம்மதி. மூன்றாவதும் அழிந்த அன்று அக்கா பலகையைப் பார்த்தார். மறுநாள் நான்காவது. புருஷன் போய்விடுவார்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எதையும், ஒரு பாகம்கூடப் பார்க்காத ஆளிடம் ஒரே வரியில் சொல்ல வேண்டும். புரிந்தால் அது படத்தில் இருக்கலாம். அக்கா தன் அம்மாவைக் கூட்டிவந்தார். பதினோரு பாகத்துக்கும் ஓசி டிக்கெட்டில் போய், பெயர் போடும்போதே தூங்கிவிட்டவர் அவர். அக்கா ஒரே வரியில் சொன்னார்.

"நாலு கை உள்ள ஒருத்தர். அவ்வளவுதாம்மா."

"நம்ம மாப்பிள்ளையா? இதுல புரியாம என்ன இருக்கு? இவங்க பலகையை ஏன் அழிக்கறாங்கன்னுதான் எனக்குப் புரியல."

தயாரிப்பாளர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் எதையாவது குறைக்காமல் சரி என்றுவிட்டால் அவர் என்ன தயாரிப்பாளர்? "நாலு ஜாஸ்தி. மூணு வெச்சுக்கலாம், குடும்பத்தோட வர்றவங்க தாங்குவாங்க" என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

அக்கா ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனார். ஆள் இருந்தார். இடப்பக்கக் கீழ்க்கை மட்டும் இல்லை. ஒரு இஸ்திரிப் பெட்டி சும்மா கிடந்தது. "இனிமே ஒரு நேரத்துல ஒரு சட்டைதான்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. தேய்க்க இரண்டு கை போக, மிச்சக் கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

தையற்காரர் அவருடைய சட்டைகளில் சட்டைக்கொரு கையாகக் கத்தரித்து மூடித் தந்தார். துணி கொடுத்தவர்கள் இப்போதெல்லாம் அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். மூன்றாவது கைக்கு வேறு வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.