கொடுக்கப் போன உடம்பு

"இடுப்புப் பக்கம் பிடிங்க பெரியத்தான். மெதுவா," என்றாள் குஞ்சம்மா.

சொன்ன பிறகுதான், இனி மெதுவாகத் திருப்ப வேண்டியதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஏழு மாதமாக வாயில் ஊறிப்போன வார்த்தை. கணவனின் அண்ணன் தெட்சிணாமூர்த்தி அம்பகரத்தூரிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தார். தம்பியின் இடுப்பைப் பிடித்து ஒருக்களித்தவர், முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து கிடந்த படுக்கைப் புண்ணைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குஞ்சம்மா அவசரமாகப் புதுத் துணியை உள்ளே தள்ளி மூடினாள். அந்த இடத்தை யார் பார்த்தாலும் தன் அடுக்களையைத் திறந்து குறை சொல்ல வந்தவர்கள் மாதிரி அவளுக்குத் தோன்றும்.

கணவர் செம்பியன் விடியற்காலையில் போயிருந்தார். பால் காய்ச்சப் போனவள் திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. அழுகை வரவில்லை. இன்றைக்கு மூத்திரத் துணி அலச வேண்டாம் என்பதுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடமும் சொல்ல முடியாது. மகள் ஓவியாவை எழுப்பிவிட்டு, காய்ந்த பாலை இறக்கி வைத்து, கொடியில் கிடந்த சேலை ஒன்றை எடுத்து மடித்தாள். பிறகு அதை எதற்கு மடித்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

தலத்தெருவில் செம்பியனைத் தெரியாதவர்கள் கிடையாது. மின்துறையில் மீட்டர் கணக்கு எடுப்பவர். பூவத்திலிருந்து அம்பகரத்தூர் வரை வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. கணக்கு எடுத்த கையோடு தோள்பையிலிருந்து கேமராவை எடுப்பார். மீட்டர் பெட்டிக்குள் குளவி கட்டிய மண்கூடு, பாலத்துச் சுவரில் படர்ந்த பாசி, அலை போன பிறகு நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டை என்று எதையாவது படம் பிடித்து வருவார். இரவில் உட்கார்ந்து அதைப் பற்றி எழுதுவார். 'கொஞ்சம் கொஞ்சம்' என்று ஒரு வலைப்பூ வைத்திருந்தார். ஒரு வாரம் நண்டு, மறு வாரம் நீர்வண்ண ஓவியத்தில் வானம் தீட்டுவது எப்படி, அதற்கு அடுத்த வாரம் ஐம்பது வயதில் பிரெஞ்சு படிக்கும் கஷ்டம். எதிலும் நிலையாக நிற்க மாட்டார். குஞ்சம்மா ஐஸ் பெட்டியைத் திறந்தால் மல்லாந்து கிடக்கும் விட்டில் பூச்சிகள் இருக்கும். றெக்கை கலையாமல் படம் எடுப்பதற்காக என்பார். "ஒண்ணுல நில்லுங்களேன்" என்று அவள் சொல்லாத நாளில்லை. அவர் சிரிப்பார், மறுநாள் இன்னொன்றை ஆரம்பிப்பார்.

பக்கவாதம் வந்து விழுந்தபோது, நட்சத்திரம் பார்க்க அவரே செய்துகொண்டிருந்த தொலைநோக்கி பாதியில் நின்றது. அதன் குழாய் இன்னும் பரணில் கிடக்கிறது.

வாசலில் சாமியானா போட்டார்கள். தெட்சிணாமூர்த்தி மூங்கிலுக்கு ஆள் அனுப்பினார். சுடுகாட்டுக்குச் சொல்லியாயிற்று. மத்தியானத்துக்குள் எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னதற்குக் குஞ்சம்மா தலையாட்டினாள். ஒரு விஷயத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. யாரும் ஞாபகப்படுத்தாமல் இருந்தால் அப்படியே போய்விடும் என்று நினைத்தாள்.

நூர் அகமது வந்ததும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. சவூதியிலிருந்து திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். செம்பியனுக்கு லென்ஸ் கொடுத்துக் கெடுத்தது இவர்தான் என்பது குஞ்சம்மாவின் பழைய குறை. அவர் செம்பியனின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, காலேஜுக்குச் சொல்லியாச்சா?"

"எந்தக் காலேஜு?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

நூர் அகமது அவரைப் பார்த்தார், குஞ்சம்மாவைப் பார்த்தார். "உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் குடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காருங்க. பிளாக்லயும் போட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

குஞ்சம்மாவுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "படிக்கத்தான் காலேஜுக்குப் போக முடியல. படிக்க வைக்கவாவது போறேன்" என்றார். "போங்க, அங்கயும் ஒரு வருஷம் ஒழுங்கா இருக்க மாட்டீங்க" என்று அவள் ரசத்தை ஊற்றினாள்.

"அதெல்லாம் வேணாம்," என்றார் தெட்சிணாமூர்த்தி. "நம்ம வீட்டுல யாரு செஞ்சிருக்கா? நாளைக்கு எலும்பு பொறுக்கணும், பால் தெளிக்கணும். சாம்பல்கூட இல்லாம எதை வெச்சுக் காரியம் பண்றது?"

"பெரியப்பா, அப்பா கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றாள் ஓவியா.

"நீ சும்மா இரு." அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. "அவன் எதுல நிலையா நின்னான்? பத்து நாளு படம் வரைஞ்சான். பத்து நாளு பூச்சி புடிச்சான். பத்து நாளு நட்சத்திரம் பாத்தான். அந்த மாதிரி இதுவும் ஒண்ணு. கெறுக்கு. போய்ச் சேர்ந்துட்டான், அதோட விடுவோம்."

குஞ்சம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்னதுதான். இருபத்தாறு வருஷமாக இதே வரிசையில், இதே அலுப்பில் அடுக்களையிலிருந்து அவள் சொன்னது. அப்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வரும். இப்போது செம்பியன் கேட்டுக்கொண்டு கிடக்கிறார், மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு.

"குடுத்துடலாம் பெரியத்தான்," என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"இது ஒண்ணையாவது முழுசா முடிக்கட்டும்."

அவர் தோள் துண்டை எடுத்து உதறினார். "ஒன் புருஷன். நீ சொன்னா சரி. ஆனா நான் அங்க வரமாட்டேன். எந்தம்பிய எவனோ அறுக்குற எடத்துல எறக்கி வெச்சுட்டு வர என்னால ஆவாது." சொல்லிவிட்டு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மூங்கில் கொண்டுவந்தவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

வந்த சனம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. சுடுகாடு இல்லை என்றால் எதற்குக் காத்திருப்பது என்று தெரியாமல் சிலர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வாய்க்கரிசி போட்டு, மாலையோடு உடலை ஊர்தியில் ஏற்றினார்கள். பின்னால் ஓவியாவும் நூர் அகமதுவும் ஏறினார்கள். குஞ்சம்மாவை டிரைவர் முன்சீட்டில் உட்காரச் சொன்னான். கதவைச் சாத்தும்போது அவள் வாசலைப் பார்த்தாள். தெட்சிணாமூர்த்தி எழுந்து நிற்கவில்லை.

கல்லூரியில் வெகுநேரம் காத்திருந்தார்கள். ஓவியாவிடம் ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர் வந்தாள், ஓவியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்தாள். வரும்போதே கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்ததைக் குஞ்சம்மா பார்த்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "பின்பக்கம் புண்ணு ரொம்ப ஆழமா இருக்கு. எலும்பு வரைக்கும். கிருமி ரத்தத்துல கலந்துதான் இறந்திருக்கணும். இந்த மாதிரி உடம்பை நாங்க எடுத்துக்கக் கூடாது. கெடாம இருக்க மருந்து ஏத்தினாலும் நிக்காது. பசங்க தொட்டுப் படிக்கிறது இல்லையா?"

"அவரு ரொம்ப ஆசைப்பட்டாரும்மா," என்றார் நூர் அகமது. "நண்டைப் பத்தி, நட்சத்திரத்தைப் பத்தியெல்லாம் நிறைய எழுதினவரு."

டாக்டர் கழற்றிய கையுறையைச் சுருட்டிக் கூடையில் போட்டாள்.

குஞ்சம்மா எழுந்தாள். "ரெண்டு மணிக்கொருதரம் திருப்பிப் போட்டேன் டாக்டர்."

"நான் உங்களை ஒண்ணும் சொல்லலம்மா."

"தண்ணிப் படுக்கை வாங்கிப் போட்டேன். மருந்து வெச்சு நானேதான் கட்டினேன். நர்சு சொன்ன மாதிரியே கட்டினேன். ஆறிக்கிட்டுத்தான் வந்துச்சு. கொஞ்சம் செவப்பா சதை வந்துச்சு. அப்பறம் என்னாச்சுன்னு எனக்குத் தெரியல." குரல் உயரவில்லை. ஏதோ கடையில் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். ஓவியா வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

"வேணாம்மா."

உடலை மறுபடியும் ஊர்தியில் ஏற்ற இரண்டு ஊழியர்கள் உதவினார்கள். மாலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. நூர் அகமது அதை முடிந்துவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "செம்பியண்ணே இருந்தா இதையும் ஒரு கட்டுரை ஆக்கியிருப்பாரு," என்றவர், சொல்லியிருக்கக் கூடாதோ என்று குஞ்சம்மாவைப் பார்த்தார். அவள், "ஆமா" என்றாள். "போட்டோவோட," என்றாள்.

வண்டி கிளம்பியது. இனிச் செய்ய வேண்டியதை அவளே சொல்ல வேண்டும். போனை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு ஊர் தாண்டினாள். பிறகு கூப்பிட்டாள்.

"பெரியத்தான்..."

"சொல்லும்மா."

"எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. புண்ணு இருக்காம்."

அந்தப் பக்கம் காக்கை கத்துவதும் யாரோ நாற்காலியை இழுப்பதும் கேட்டன. அவர் ஏதாவது சொல்வார், சொன்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள்.

"எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"பாதி வழி."

"சரி, வாங்க. பந்தல் பிரிக்கல. மூங்கிலும் இங்கதான் கெடக்கு. சுடுகாட்டுல நான் சொல்லிக்கிறேன். பொண்ணு ஏதாச்சும் சாப்புட்டுச்சா? நீ சாப்புட்டியா?"

"இல்ல."

"பொணத்தோட வர்றோமேன்னு பாக்காத. எங்கயாவது நிறுத்தி ஒரு டீயாவது குடிங்க." வைத்துவிட்டார்.

அவள் டிரைவரிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோதே வண்டி நின்றது, ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி, இரண்டு மோட்டார் சைக்கிள்கள். கேட் ஓரத்தில் ஒரு டீக்கடை. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வருமென்று டிரைவர் சொன்னான். "அது போறதுக்கு நேரமாவும்மா. டீ சொல்லட்டுமா?"

அவள் தலையாட்டினாள். அவன் இறங்கிப் போய், பின்னால் இருந்த இருவருக்கும் கொடுத்துவிட்டு, அவளிடம் ஜன்னல் வழியாக ஒரு கண்ணாடித் தம்ளரை நீட்டினான். விளிம்பு வரை நுரை. அவள் முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பெட்டி பெட்டியாகக் கறுப்பு போய்க்கொண்டே இருந்தது. அடியில் தண்டவாளம் ஒரே சீராகத் தட்டியது. பின்பக்கம் ஓவியா மூக்கை உறிஞ்சுவது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

கடைசிப் பெட்டி போய், கேட் தூக்கினார்கள். லாரி நகர்ந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் சாவியில் கை வைத்தவன், அவள் கையிலிருந்த தம்ளரில் பாதிக்கு மேல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"குடிச்சிட்டுத் தாங்கம்மா. கடையில குடுத்துட்டுப் போவணும்."

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. குஞ்சம்மா தம்ளரை வாய்க்கு அருகில் கொண்டுபோய் ஊதினாள். டீயின் மேல் படிந்த ஆடை ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் ஊதினாள்.