பார்வையாளர் நேரம்

எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே படுத்திருக்கும் தன்னைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கையில் நான்கு சாத்துக்குடி இருந்தால் நல்லது. என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டு, படுத்திருப்பவருக்கான மருந்தை, பார்க்க வந்தவரே சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். யாரும் வராத கட்டிலை மறு வருடம் ஒரு மாடி மேலே ஏற்றிவிடுவார்கள். மூன்றாவது மாடி தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே போனபின் நாம் பார்க்கப் போக வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் அனுப்பி நம்மையே அழைத்துக்கொள்வார்கள்.

நான் மூன்று வருடமாகப் போகவில்லை. இருபத்தொன்பது வயது. கபடி ஆடுகிறேன். ஒரு தும்மல்கூட வருவதில்லை.

தன்னைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி செவ்வந்தி, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "எனக்கு ரத்தம் கம்மியாம். உன்னைத்தான் ரெண்டாவது மாடியில போட்டிருக்காங்க."

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீ நல்லாத்தான் இருக்கே. அங்க கிடக்கறவனைப் பார்த்துட்டுப் பேசு. நான் குடுத்த பழத்தைக்கூட வாங்கலை. அதே வீம்பு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டாவது மாடி லிஃப்ட் வாசலில் ஒரு நர்ஸ் என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தார். மேலே போகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"இவரேதான் நான்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கட்டிலைத் திருப்பிச் சுவரோரம் விட்டார்.

படுத்திருந்தவன் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமே செய்யலை. அதான் இத்தனை நாளா படுத்திருக்கேன்."

நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் இறங்குவதை இரண்டு முறை பார்த்தார். "இந்த பிரஷரை வச்சுக்கிட்டா கபடி ஆடறீங்க?" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்தார். நான் விழுங்கினேன். அவன் தண்ணீர் குடித்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, போன ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டான். அவனைக் கீழ் மாடிக்கு மாற்றி எழுதினார்கள்.

லிஃப்ட் வந்தது. மேலே ஏற வேண்டிய அடுத்த கட்டிலை நர்ஸ் இழுத்து வந்தார். அதில் அவரே படுத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் பேசிட்டுப் போங்களேன், சிஸ்டர்," என்றேன்.

"டூட்டி நேரத்துல பார்க்கக் கூடாது."

ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது. நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன்.