கார்ப்பஸைத் தொடாதே

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வாங்கிய கையோடு சும்மா இருந்திருக்கலாம்.

அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அவளோடு தைக்கும் பெண்கள் சம்பளத்தன்று ஆளுக்குக் கொஞ்சம் ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார்கள். டின் காஜா அக்கா வீட்டில் இருக்கும். சட்டையில் பொத்தான் மாட்டும் துளைக்குக் காஜா எடுப்பவள், அதனால் அந்தப் பெயர். யாருக்கு முடையோ அவர் எடுப்பார், முடிந்தபோது திருப்பிப் போடுவார். பல வருடமாக ஒரு சண்டை கிடையாது. வணிகவியல் படித்தவளுக்கு இதைப் பார்த்தால் தூக்கம் வருமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். ஆடிட்டர் ஆபீசில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அங்கே பொறுக்கிய சொல் நாக்கில் துறுதுறுத்தது.

"இதுக்குப் பேரு கார்ப்பஸ். சேத்து வச்ச முதல். அதத் தொடவே கூடாது. வர்ற வட்டியத்தான் செலவு பண்ணணும்."

"ஆத்திர அவசரத்துக்கும்?" என்றாள் காஜா அக்கா.

"எதுக்கும்தான். தொட்டா அது கார்ப்பஸே இல்ல."

இதை விரலை வேறு ஆட்டிக்கொண்டு சொன்னேன்.

பணம் வங்கிக்குப் போய் வைப்புத் தொகையானது. சொல் கம்பெனி முழுக்கப் பரவியது. மழையில் போடாமல் எடுத்துவைத்த நல்ல செருப்பு கார்ப்பஸ். விருந்தாளிக்கென்று ஒளித்துவைத்த பிஸ்கட் கார்ப்பஸ். ஒருத்தி, சேர்த்துவைத்த லீவைப் பற்றிச் சூப்பர்வைசரிடமே, "அது என் கார்ப்பஸ் சார், கை வைக்காதீங்க" என்றாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அம்மாவின் காலர்கள் கோணலாயின. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள், இல்லாவிட்டால் பிசிறு வெட்டும் மேசைக்குப் போ, பாதிச் சம்பளம் என்றுவிட்டார் சூப்பர்வைசர். என் சம்பளம் படிப்புக் கடனுக்கும் வாடகைக்கும் வந்த வேகத்தில் போய்விடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கே போய்க் கேட்டேன்.

"வட்டி வந்ததும் மொத்தமா ஒங்கம்மாவுக்குத்தான் கண்ணு" என்றாள் காஜா அக்கா.

"அந்த வட்டியில சொட்டு மருந்துதான்க்கா வாங்கலாம்."

"என்ன பண்றது, முதலத் தொடக்கூடாதே."

"அவசரம்க்கா."

"அவசரத்துக்கும் கூடாதுன்னு நீதான சொன்ன?"

குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ டிபன் டப்பாவை மூடியபடி, "விடுடி. எனக்குன்னு வந்தா மட்டும் மாத்திப் பேசுவியா?" என்றாள்.

ஓட்டெடுப்பு, விதிவிலக்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று என்னென்னவோ பேசிப் பார்த்தேன். பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு சொல்லின் அர்த்தத்தை ஓட்டுப் போட்டா மாற்றுவார்கள்? சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது.

"அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"எத?"

"கார்ப்பஸுக்கு அர்த்தம். முடைன்னா எடுத்துட்டு, அப்புறமாப் போடற பணத்துக்குத்தான் அந்தப் பேரு. நேத்துதான் சரியாப் பாத்தேன்."

ஆடிட்டர் கேட்டிருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார்.

"நாங்க டின்னுல வச்சிருந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்க்கா."

காஜா அக்கா பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள். "நான் அப்பவே சொல்லல? இவ ஒரு அவசரக்குடுக்கைன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "பரவால்ல விடு. எல்லாருக்கும் எல்லாமா ஏறும்?" என்றாள்.

மறுநாளே வைப்பை முறித்துப் பணத்தை எடுத்தார்கள். அம்மாவின் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் கம்பெனியில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் காஜா அக்காவின் மகளிடம்தான் காட்டுகிறார்கள். எட்டாவது படிக்கிறாள். நிதானமான பெண்ணாம்.

அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒத்த வார்த்த. அதக்கூட ஒழுங்காப் படிக்கலியாடி? அத்தன பேரு முன்னாடி எனக்கு மானமே போச்சு."

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கும் அந்தப் பணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

"மறந்துபோச்சும்மா" என்றேன்.